வந்து வந்து போகும் கோளாறு: பழைய கார்களின் மின்சாரச் சிக்கலைக் கண்டுபிடிப்பது எப்படி?

முழுதாகக் கெட்டுப்போன பாகம் மெக்கானிக்குக்குப் பெரிய தொல்லை தருவதில்லை. செல்ஃப் மோட்டார் எரிந்தால் கழற்றி மாட்டலாம். பேட்டரி செத்தால் புதிது வாங்கலாம். ஆளைச் சோதிப்பது, நெடுஞ்சாலையில் நடுவழியில் நின்று, அரைமணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகி, பட்டறை வாசலுக்கு வந்ததும் சீராக ஓடும் கார்தான். “ஓட்டிப் பார்த்தோம் சார், ஒண்ணும் தெரியலையே” என்ற பதிலோடு வண்டி திரும்பி வரும். பிளக் மாறும், காயில் மாறும், கண்டென்சர் மாறும். சில வாரங்களில் மறுபடி நிற்கும்.

நம் ஊரில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் பல பத்தாண்டுகள் தயாராகி 2014 மே மாதம் உற்பத்தி நின்ற அம்பாசடர், மும்பை குர்லாவில் உருவான பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 எல்லாமே இன்னமும் சிலர் வீட்டு வாசலில் நிற்கின்றன. 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் நிறுவனத்தின் சென்னை பாடி ஆலை, இந்திய வண்டிகளின் மின்சாரப் பாகங்களுக்கு முக்கியமான ஊற்றாக இருந்தது. பாகங்கள் பழகியவை, பட்டறைகளும் பழகியவை. ஆனாலும் விட்டுவிட்டு வரும் கோளாறு இன்றும் கைக்கு எளிதில் அகப்படுவதில்லை.

இந்த வகைக் கோளாறு தற்செயலாக வருவதில்லை என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. ஏதோ ஒரு நிலைமை கூடும்போது அது வருகிறது. அந்த நிலைமை விலகியதும் போய்விடுகிறது. முறைக்காய்ச்சலுக்கு வைத்தியர் முதலில் நாளையும் நேரத்தையும் கேட்பதுபோல, இங்கும் ‘எந்தப் பாகம்?’ என்பதற்கு முன்னால் ‘எப்போது?’ என்று கேட்டாக வேண்டும். கோளாறு இல்லாத நேரத்தில் அளந்து கிடைக்கும் எந்த எண்ணும், அது இருக்கும் நேரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

ஒரு தீப்பொறியின் பாதை

பாயிண்ட் வைத்த பேட்டரி இக்னிஷனை 1910 வாக்கில் கெடிலாக் கார்களுக்காக உருவாக்கியவர் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங். அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் உலகின் பெரும்பாலான பெட்ரோல் கார்கள் அந்த முறையில்தான் ஓடின. சாவி சுவிட்ச் வழியாகக் காயிலுக்கு 12 வோல்ட் வருகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலின் பிரைமரியில் ஏறத்தாழ 4 ஆம்பியர் ஓடி, காந்தப்புலம் சேர்கிறது. பாயிண்ட் திறந்ததும் அந்தப் புலம் சட்டென்று சரிகிறது. பிரைமரியில் இருநூறு, முந்நூறு வோல்ட் எழும்ப, செகண்டரியில் 15,000 முதல் 25,000 வோல்ட் வரை எழும்பும். பாயிண்ட் முனையில் பொறி பறந்து அந்தச் சக்தி வீணாகாமல் காப்பது கண்டென்சர். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடினால் இது நொடிக்கு 100 முறை நடக்கிறது.

இந்தப் பாதையில் கரண்ட் கடக்கும் இணைப்புகளைப் பாருங்கள். பேட்டரி டெர்மினல், எர்த் பட்டை, சுவிட்சின் உள்முனைகள், புல்லட் கனெக்டர்கள், காயிலின் இரு முனைகள், டிஸ்ட்ரிபியூட்டர் டெர்மினல், பாயிண்ட், அது உட்கார்ந்திருக்கும் தட்டின் எர்த். அதற்கப்பால் ஹைடென்ஷன் பக்கத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் நடுவிலுள்ள கார்பன் முனை, ரோட்டார், கேப்பின் உள்முனைகள், பிளக் ஒயர், பிளக். பாகங்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். இணைப்புகள் அதைப்போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. முப்பது, நாற்பது வருட வண்டியில் களிம்பு ஏறுவதும், திருகு தளர்வதும், ஒயரின் இழை அறுவதும் இந்த இணைப்புகளில்தான்.

ஒன்றும் கெடாமலே எஞ்சின் நிற்பது எப்படி?

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காயிலின் பிரைமரி 30 டிகிரியில் 3 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டுக்கு 4 ஆம்பியர் ஓடும். செம்பு சூடேறச் சூடேற அதன் தடை கூடும். 90 டிகிரியில் அதே காயில் சுமார் 3.7 ஓம் காட்டும். கரண்ட் 3.25 ஆம்பியருக்கு இறங்கும். காயிலில் சேரும் ஆற்றல் கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், பொறியின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு இந்தச் சூட்டிலேயே போய்விடுகிறது. இதற்கு மேல் பழைய சாவி சுவிட்சிலும் களிம்பேறிய கனெக்டரிலும் 1.5 வோல்ட் தொலைந்தால், காயிலுக்குக் கிடைப்பது 10.5 வோல்ட், கரண்ட் 2.8 ஆம்பியர், ஆற்றல் பாதி.

இத்தனைக்கும் எந்தப் பாகமும் கெடவில்லை. காயிலைத் தனியாகக் கழற்றிச் சோதித்தால் ‘நல்லாத்தான் இருக்கு’ என்றுதான் முடிவு வரும். காலையில் வண்டி ஓடும்; மதியம் டிராஃபிக்கில் மிஸ்ஸிங் ஆரம்பிக்கும்.

பட்டறைகளில் நடக்கும் ஒரு மாயத்துக்கும் இதுவே விளக்கம். இந்த நிலையில் உள்ள காருக்குப் புது பிளக் போட்டால் குணமாகிவிடும். தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக்குக்குத் தேவைப்பட்ட வோல்ட் புது பிளக்குக்குத் தேவையில்லை. குறைந்த ஆற்றலிலும் பொறி தாண்டிவிடுகிறது. காயிலை மாற்றினாலும் கொஞ்சம் குணம் தெரியும், பாயிண்ட்டை மாற்றினாலும் தெரியும். எதை மாற்றினாலும் வண்டி எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிடுவதால், கடைசியாக மாற்றியதே குற்றவாளி என்று எல்லாரும் நம்பிவிடுகிறார்கள். சுவிட்சில் தொலையும் 1.5 வோல்ட் அங்கேயே இருக்கிறது. பிளக் தேயத்தேயக் கோளாறு திரும்பி வருகிறது.

கோளாறைத் தூண்டும் நான்கு

சூடு. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு நின்று, ஆறியபின் ஓடினால் காயில், கண்டென்சர், எலக்ட்ரானிக் மாட்யூல் என்று சந்தேகம் போகும். காயிலுக்குள் ஒயர் முறிந்திருந்தால், சூட்டில் விரிந்து விலகி, ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். கண்டென்சர் பலவீனமானால் பாயிண்ட் முனையில் நீலப் பொறி பளிச்சிடும்; முனை கருகி, ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமுமாகும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது அன்றைக்கு உதவும். பள்ளம் ஏன் விழுந்தது என்பதைச் சொல்லாது.

அசைவு. டிஸ்ட்ரிபியூட்டருக்குள், வெளி டெர்மினலிலிருந்து பாயிண்ட்டுக்குப் போகும் ஒரு சின்ன ஒயர் உண்டு. விரல் நீளம் கூட இருக்காது. பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டை வாக்யூம் அட்வான்ஸ் இழுக்கவும் விடவும் செய்வதால், ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்கும் ஒவ்வொரு முறையும் இந்த ஒயர் மடங்கி நிமிர்கிறது. வருடக்கணக்கில் மடங்கி உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக அறும். மேலுறை மட்டும் முழுசாக இருக்கும். இப்போது அறிகுறியைப் பாருங்கள். ஐட்லிங்கில் தட்டு அசையாது. வண்டி சீராக இருக்கும். மிதமான வேகத்தில் வாக்யூம் தட்டை இழுக்கும். அறுந்த முனைகள் விலகி வண்டி ஜெர்க் அடிக்கும். முழு ரேஸ் கொடுத்தால் வாக்யூம் விழுந்து, தட்டு திரும்பி, முனைகள் சேர்ந்து வண்டி பாயும். கார்புரேட்டர் அடைப்பு என்று முடிவுகட்டி அதைக் கழற்றிச் சுத்தம் செய்த பட்டறைகள் எத்தனையோ. சோதனையோ எளிது. வாக்யூம் குழாயைக் கழற்றி, கார்புரேட்டர் பக்க முனையை அடைத்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். ஜெர்க் நின்றுவிட்டால் தேட வேண்டியது அந்த ஒயரையும், தட்டின் எர்த் ஒயரையும்தான்.

ஈரம். மழைக்காலக் காலையிலோ, தேங்கிய தண்ணீரைத் தாண்டிய பிறகோ வண்டி தடுமாறினால் ஹைடென்ஷன் பக்கம்தான் போக வேண்டும். கேப்பின் உள்ளே பென்சிலால் கிழித்ததுபோல மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடியிருக்கும். பொறி குறுக்கே பாய்ந்து சுட்ட தடம் அது. ஒருமுறை தடம் விழுந்தால் துடைத்துப் பயனில்லை. கேப்பை மாற்றியே ஆக வேண்டும். இரவு இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு, ஒயர்கள் மேல் சன்னமாகத் தண்ணீர் தெளித்தால் எங்கே எர்த் அடிக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். ஓடும் எஞ்சினில் அந்த ஒயர்களைக் கையால் தொட்டுப் பார்ப்பது மட்டும் வேண்டாம்.

சுமை. ஏற்றத்தில் டாப் கியரில் மட்டும் மிஸ்ஸிங் என்றால், சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது பொறி தாண்ட அதிக வோல்ட் தேவைப்படுகிறது என்று பொருள். சமதரையில் தெரியாத பலவீனமான ரோட்டார், பழைய பிளக் ஒயர், அகன்ற பிளக் இடைவெளி எல்லாம் மலைப்பாதையில் வெளிப்படும். காயிலின் இரு முனைகளும் மாறி மாட்டப்பட்டிருந்தாலும் இதே அறிகுறிதான். வண்டி ஓடும், ஆனால் பொறிக்குக் கூடுதல் வோல்ட் தேவைப்படும். மின்சாரச் சுமை தனி. ஹெட்லைட், வைப்பர், ஹார்ன் சேரும்போது மட்டும் தடுமாறினால் எர்த்தும் சார்ஜிங்கும் சந்தேகத்துக்குரியவை. டைனமோ வைத்த பழைய வண்டிகள் ஐட்லிங்கில் சார்ஜ் ஆகாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எர்த்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எஞ்சின் ரப்பர் மவுண்ட்டுகளின் மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் பாடிக்கும் இடையே கரண்ட் திரும்ப ஒரு பட்டை தேவை. அது அறுந்தாலோ துருவேறினாலோ கரண்ட் வேறு வழி தேடும். செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிளும் ஆக்ஸிலரேட்டர் கேபிளும் சூடாகின்றன என்றால், அந்த வழி எது என்று தெரிந்துவிட்டது.

மின்சாரமா, பெட்ரோலா?

தேடலைத் திசைதிருப்பும் பெரிய வில்லன் பெட்ரோல்தான். கோடையில் பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகி எஞ்சின் நிற்பது அம்பாசடர் ஓட்டியவர்களுக்குத் தெரியும். பம்பின் மேல் ஈரத்துணி சுற்றுவது அதற்கான கைவைத்தியம். இதுவும் சூட்டில் வரும், ஆறினால் போகும். இரண்டையும் பிரித்தறிய ஓரளவு நம்பத்தக்க அடையாளம், எஞ்சின் நின்ற விதம். மின்சாரம் போனால் சாவியைத் திருப்பியதுபோல ஒரேயடியாக ஆஃப் ஆகும். பெட்ரோல் போனால் புல்லிங் குறைந்து, திக்கித் திணறி, கொஞ்சம் விட்டுக்கொடுத்து நிற்கும். ஆர்.பி.எம். மீட்டர் உள்ள காரில், கியரில் வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே முள் பூஜ்யத்துக்கு விழுந்தால் பிரைமரி பக்கம் போய்விட்டது என்று கொள்ளலாம். கடைசி வார்த்தை, நின்ற அந்த நிமிடமே பொறி இருக்கிறதா என்று பார்ப்பதுதான். அரைமணி கழித்துப் பார்த்துப் பயனில்லை.

அளப்பதில் ஒரு பொறி

மல்டிமீட்டர் இன்று எல்லார் கையிலும் இருக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்தும் விதத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒயரைக் கழற்றி ஓம் நிலையில் வைத்து, ‘பீப்’ என்று கேட்டதும் ஒயர் நல்லது என்று விட்டுவிடுகிறார்கள். அந்தச் சோதனையில் மீட்டர் அனுப்பும் கரண்ட் மிகச் சிறியது. இருபது இழையில் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் ‘பீப்’ அடிக்கும். செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கும்போது, 0.01 ஓம் தடை 1.5 வோல்ட்டை விழுங்கும். 0.01 ஓமைச் சாதாரண மீட்டரால் காட்டவே முடியாது.

எனவே இணைப்பைப் பிரிக்காமல், கரண்ட் ஓடும்போதே அதன் இரு பக்கமும் எத்தனை வோல்ட் விழுகிறது என்று பார்க்க வேண்டும். பேட்டரியின் பாசிடிவிலிருந்து காயிலின் பாசிடிவ் வரை அரை வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் வழியில் ஏதோ இருக்கிறது (பாலாஸ்ட் ரெசிஸ்டர் உள்ள வண்டிகளுக்கு இக்கணக்கு பொருந்தாது). மூடிய பாயிண்ட்டில் டிஸ்ட்ரிபியூட்டர் டெர்மினலிலிருந்து எர்த்துக்கு 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் பிளாக்குக்கும் பேட்டரி நெகடிவுக்கும் இடையிலும் இதே கணக்கு.

ஓட்டத்தில் மட்டும் வரும் கோளாறுக்கு மீட்டரைவிடப் பழைய பல்பு நல்லது. சாவி சுவிட்சுக்குள் வரும் ஒயரிலிருந்து ஒன்று, காயில் பாசிடிவிலிருந்து ஒன்று என இரண்டு ஒயர்களை ஃபியூஸ் போட்டு இழுத்து, இரண்டு சிறிய பல்புகளை டேஷ்போர்டில் ஒட்டிவிட வேண்டும். வண்டி நிற்கும் நேரத்தில் இரண்டும் அணைந்தால் கோளாறு சுவிட்சுக்கு முன்னால். முதலாவது எரிந்து இரண்டாவது அணைந்தால் சுவிட்சிலோ, அதற்கும் காயிலுக்கும் இடையிலோ. இரண்டும் எரிந்துகொண்டே எஞ்சின் நின்றால், காயிலுக்கு அப்பால் தேட வேண்டும். அல்லது பெட்ரோலைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு நிறுத்தம், பாதிச் சந்தேகத்தைக் களைந்துவிடுகிறது.

வழக்கத்தில் உள்ள அணுகுமுறைகள்

வரிசையாக மாற்றிக்கொண்டே போவதுதான் முதல் வழி. தேய்மானப் பாகங்கள் மலிவாக இருந்த காலத்தில் இது தவறில்லை. இப்போது வரும் கண்டென்சர், ரோட்டார் போன்றவற்றின் தரம் பெட்டிக்குப் பெட்டி மாறுகிறது. புதுசு என்பதாலேயே அது நல்லதாகிவிடாது. ஒரு கோளாறைத் தேடப்போய் இன்னொன்றை உள்ளே விட்டதாகவும் ஆகலாம். கழற்றிய பாகத்தைத் தூக்கிப் போடாமல் டிக்கியில் வைத்திருப்பது நல்லது.

முழு ஒயரிங்கையும் புதிதாக இழுத்துவிடுவது இரண்டாவது வழி. உறை காய்ந்து உடையும் நிலையில் உள்ள வண்டிக்கு இது சரி. ஆனால் சாவி சுவிட்சும் எர்த் முனைகளும் பழையவையாகவே இருந்தால், புது ஒயர் பழைய களிம்பில் போய் முடியும்.

பாயிண்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் கிட் போடுவது மூன்றாவது. தேய்மானமும் அடிக்கடி செய்யும் டியூனிங்கும் மிச்சமாகும். ஆனால் பாயிண்ட் கெடும்போது மிஸ்ஸிங் காட்டி முன்கூட்டியே சொல்லிவிடும். கிட் கெட்டால் பெரும்பாலும் சொல்லாமல் நிறுத்தும். சப்ளையில் 1.5 வோல்ட் தொலையும் வண்டியில் எலக்ட்ரானிக் கிட்டும் அதே 10.5 வோல்ட்டில்தான் ஓட வேண்டும். ஆகவே சப்ளையையும் எர்த்தையும் சரி செய்த பிறகு கிட் போட்டால் அது மேம்பாடு. அதற்கு முன்னால் போட்டால் கோளாறை மூடிவைத்தல்.

அறிகுறி கேட்டு, நிலைமையை மீண்டும் உண்டாக்கி, அந்நேரம் அளப்பது நான்காவது. நேரம் பிடிக்கும். ஆனால் இது ஒன்றுதான் ‘குணமாயிற்று’ என்பதை நிரூபிக்கவும் வல்லது: எந்த நிலைமையில் கோளாறு வந்ததோ அதே நிலைமையை மறுபடி உண்டாக்கி, இப்போது வரவில்லை என்று காட்ட முடிகிறது.

எலக்ட்ரானிக் காலத்திலும் அதே கதை

பாயிண்ட் போனால் தொல்லையும் போகும் என்று நினைத்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1980களிலிருந்து பல மாடல்களில் டிஸ்ட்ரிபியூட்டரின் மேலேயே பொருத்திய இக்னிஷன் மாட்யூல், எஞ்சின் சூட்டில் செயலிழந்து வண்டியை நிறுத்தியது, ஆறியதும் ஓடியது. அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை விசாரித்தும் குறை என்று நிலைநாட்டவில்லை. வழக்கு நீதிமன்றம் போய், 2000ஆம் ஆண்டு கலிஃபோர்னிய நீதிபதி வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிட்டார். பிறகு அது சமரசத்தில் முடிந்தது. 1990களின் ஹோண்டா கார்களில் பெட்ரோல் பம்புக்கான மெயின் ரிலேயின் சாலிடர் இணைப்பில் மயிரிழை விரிசல் விழுந்து, வெயிலில் நிறுத்திய கார் ஸ்டார்ட் ஆக மறுக்கும். மாலையில் குளிர்ந்ததும் எடுக்கும்.

இவற்றில் கொடியது ஜெனரல் மோட்டார்ஸின் சாவி சுவிட்ச் விவகாரம். சுவிட்சுக்குள் இருந்த சிறிய ஸ்பிரிங் பிடிமானம் பலவீனமாக இருந்ததால், முழங்கால் பட்டாலோ சாவிக்கொத்து கனத்தாலோ சாவி தானே பின்னால் நழுவியது. ஓடும் காரில் எஞ்சின் நின்றது, ஏர்பேக்கும் விரியவில்லை. அந்தப் பாகத்தைச் சத்தமில்லாமல் திருத்தியபோது பாக எண்ணை மாற்றவில்லை. அதனால் பழைய சுவிட்சும் புதிய சுவிட்சும் காகிதத்தில் ஒன்றாகவே தெரிந்தன. விசாரித்தவர்கள் வருடக்கணக்கில் குழம்பினார்கள். ஒரு பொறியாளர் இரண்டு சுவிட்சுகளையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது. 2014இல் இருபத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 124 மரணங்களுக்கு அந்நிறுவனத்தின் இழப்பீட்டு நிதி இழப்பீடு தர ஏற்றது.

இந்தியாவில் 2010 முதல் பி.எஸ். 4 மாசு விதிகளோடு கோளாறு காட்டும் ஓ.பி.டி. அமைப்பு கட்டாயமாகத் தொடங்கியது. அது பெரிய உதவிதான். ஆனால் ஸ்கேனர் காட்டும் எண், ‘இந்தச் சர்க்யூட்டில் குறை’ என்கிறது. ‘இந்தப் பாகம் கெட்டது’ என்று சொல்வதில்லை. கிராங்க் சென்சார் எண் வந்ததும் சென்சாரை மாற்றி, கனெக்டரில் தளர்ந்த பின்னை அப்படியே விட்டுவிடும் பட்டறை, பாயிண்ட் காலத்தில் காயிலை மாற்றிய பட்டறையின் வாரிசு.

தேடலுக்குக் கூலி

அறிவு இருக்கிறது, கருவிகளும் மலிவு. பிறகு ஏன் பாகம் மாற்றும் பழக்கம் போகவில்லை? பில்லைப் பார்த்தால் புரியும். மாற்றிய பாகத்துக்கு ஒரு வரி, மாட்டிய கூலிக்கு ஒரு வரி. தேடிய நேரத்துக்கு வரியே இல்லை. இரண்டு மணி நேரம் ஒயர் ஒயராக அளந்து, கடைசியில் ஒரு எர்த் திருகைச் சுரண்டி முடுக்கிய ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம், “இதுக்கா இவ்வளவு கேக்கறீங்கண்ணே?” என்கிறோம். தேவையில்லாத காயிலை மாற்றியவருக்கு மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம். இப்படி இருக்கும்வரை எந்தப் பட்டறையும் தேடுவதைத் தொழிலாக வளர்க்காது.

உரிமையாளர் தன் பங்குக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வண்டி நிற்கும் ஒவ்வொரு முறையும் ஆறு விவரங்களைக் குறித்துவைப்பது: கிளம்பி எவ்வளவு நேரம் ஆயிற்று, வெயிலா மழையா, ஏற்றமா சமதரையா, என்ன வேகம், விளக்கு எரிந்ததா, ஒரேயடியாக நின்றதா திணறி நின்றதா. நல்ல மெக்கானிக் முதலில் கேட்பதும் இவற்றைத்தான்: “சூடான பிறகு நிக்குதா சார், இல்ல எடுத்த உடனேயா?” அந்தக் கேள்விக்கு உருப்படியான பதிலைத் தந்து, தேடும் நேரத்துக்குத் தனிக் கூலியையும் முன்கூட்டியே பேசி வண்டியை விட்டால், பாகங்களுக்குச் செலவாகும் பணத்தில் பெரும்பகுதி மிச்சமாகும், எதைச் சரிசெய்ததால் குணமாயிற்று என்பதும் தெரிந்திருக்கும்.